அரிசிய வித்துத்தான் முட்டை வாங்குறோம் சார்: உணவுத்துறைக்கு ஒரு திறந்த மடல்

கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறையில இருக்க பெரிய அதிகாரிங்களுக்கும், சமூக நலத்துறை, சுகாதாரத்துறையில இருக்கவங்களுக்கும் மதுரையில இருந்து வணக்கம். மூணு துறைக்கும் சேத்து ஒரே லெட்டரா எழுதுறேன், ஏன்னா எங்க அடுப்படியில மூணும் ஒரே சட்டியிலதான் வேகுது.

மொதல்ல ஒரு குத்தத்த ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன். மாசாமாசம் எங்க கார்டுக்கு வர்ற 20 கிலோ அரிசியில எட்டு கிலோவ நாங்க விக்கிறோம். எங்க தெருவுக்கு ஒருத்தரு டிவிஎஸ் எக்ஸெல்ல சாக்கோட வெள்ளனா வருவாரு, ஹாரன் கூட அடிக்கமாட்டாரு, வண்டி சத்தம் கேட்டாலே வீட்டுக்கு வீடு பொம்பளைங்க பையோட வெளிய வந்துருவோம். கிலோ பத்து ரூபா. அரிசி வாடை அடிச்சா எட்டு. அது அங்கிட்டு மாவு மில்லுக்குப் போகுதா, பார்டர் தாண்டி கேரளாவுக்குப் போகுதா, கோழித்தீவனத்துக்குப் போகுதான்னு நாங்க கேக்குறதில்ல, அவரும் சொல்றதில்ல. இது சட்டப்படி தப்புன்னு தெரியும், அதனாலதான் கீழ பேரு போடல, கோவிச்சுக்காதீங்க.

எட்டு கிலோவுக்கு எம்பது ரூபா வருது. அந்த எம்பது ரூபாயில என்ன பண்றோம்னு கேட்டா சிரிப்பீங்க, முட்டை வாங்குறோம். எங்க பக்கம் சில்லறைக்கு முட்டை ஏழு ரூபான்னு வச்சுக்கிட்டா பதினோரு முட்டை. இல்லைன்னா ரெண்டு கிலோ தக்காளி, ஒரு கட்டு கீரை, கொஞ்சம் கேரட்டு. அரிசி ஒரு கிலோ வாங்கி, மூட்டை கட்டி, குடோன்ல வச்சு, லாரி ஏத்தி எங்க தெருக் கடை வரைக்கும் கொண்டு வர்றதுக்கு கவர்மெண்டுக்கு கிட்டத்தட்ட நாப்பது ரூபா ஆகுதுன்னு பேப்பர்ல படிச்சேன். அப்ப எட்டு கிலோவுக்கு முந்நூத்தி இருவது ரூபா. முந்நூத்தி இருவது ரூபாய்க்கு நாப்பத்தஞ்சு முட்டை வரும் சார். நீங்க நாப்பத்தஞ்சு முட்டைக்கு காசு செலவு பண்றீங்க, எங்க வீட்டுக்கு பதினொண்ணு வந்து சேருது, மிச்சம் முப்பத்தி நாலு முட்டை எக்ஸெல் வண்டியில போயிருது.

இதத்தான் ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். உணவுக் கூப்பன் குடுக்கலாமா வேணாமான்னு பெரிய பெரிய ஆளுங்க கருத்தரங்கம் போட்டுப் பேசுறாங்க, எங்க தெருவுல அது ஏற்கனவே நடக்குது, அரிசிதான் கூப்பன், வண்டிக்காரருதான் பேங்க்கு, என்ன ரேட்டுதான் நாலுல ஒரு பங்கு.

நன்றி கெட்டவன்னு நினைச்சுராதீங்க. இந்த அரிசி எம்புட்டு குடும்பத்தக் காப்பாத்துதுன்னு எனக்குத் தெரியும். 2008ல கிலோ ஒரு ரூபா ஆச்சு, 2011 ஜூன்ல இருந்து சும்மாவே வந்துச்சு. 1997ல சென்ட்ரல் கவர்மெண்ட் ஏழை, ஏழை இல்லாதவன்னு கார்டப் பிரிக்கச் சொன்னப்பவும் நம்ம ஊர்ல எல்லாருக்கும்னு விட்டு வச்சாங்க, அதனாலதான் பட்டியல்ல பேரு விட்டுப்போச்சுன்னு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல அரிசிக்காக நிக்கிற கொடுமை நமக்கு பெருசா வரல. எங்க எதுத்த வீட்டுல ஒரு பாட்டி தனியா இருக்கு, அதுக்கு ரேஷன் அரிசிதான் கஞ்சி, அதுதான் சோறு, ஒரு பிடி கூட விக்காது. அதுக்கு அரிசி வேணும். எங்களுக்கு பாதி போதும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே மூட்டையைத் தூக்கிப் போடுறதுதான் பிரச்சனை.

எங்க வீட்ல நாங்க அஞ்சு பேரு. நான், வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைங்க, மாமியா. சோத்துக்கு கடையில பொன்னி வாங்கிருவோம், ரேஷன் அரிசி இட்லி தோசைக்கு. ஆக காலையில அரிசி, மத்தியானம் அரிசி, ராத்திரி அரிசி. ஹைதராபாத்ல இருக்க தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல ஒரு வழிகாட்டி விட்டுச்சே, அதுல நாம சாப்பிடுற மொத்த கலோரியில அரிசி கோதுமை மாதிரி தானியத்துல இருந்து வர்றது 45 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கு. எங்க வீட்டுத் தட்ட அவங்க பாத்தா மயங்கி விழுந்துருவாங்க. முக்கால்வாசி தானியம், மிச்சம் பாமாயில்.

அதோட விளைவு உங்க ஃபைல்லயே இருக்கு, நான் புதுசா சொல்லல. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேயில தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்க பிள்ளைங்கள்ல 57 சதவீதம், இது அதுக்கு முந்தின சர்வேய விட கூடிப்போச்சு. அதே சர்வேயில, அதே வயசுப் பொம்பளைங்கள்ல 40 சதவீதம் பேரு எடை கூடுனவங்க. ரெண்டையும் சேத்து வச்சுப் பாருங்க. வயிறு நிறையுது, ரத்தம் ஊறல. எங்க மாமியாவே அதுக்கு சாம்பிள், எம்பத்தி ரெண்டு கிலோ வெயிட்டு, சுகர், பிபி, கூடவே ரத்தம் கம்மின்னு டாக்டரு எழுதிக் குடுத்துருக்காரு. "நல்லா சாப்பிடுங்கம்மா"ன்னு ஒரு டாக்டரு, "சாப்பாட்டக் குறைங்கம்மா"ன்னு இன்னொரு டாக்டரு. அது ரெண்டு பேருக்கும் தலைய ஆட்டிட்டு வந்து தோசை சுடச் சொல்லுது.

இந்த லட்சணத்துல கார்டுல மாத்திக்கிற வசதி இல்லாமலும் இல்ல. அரிசி வேண்டாம்னா சர்க்கரைக் கார்டுன்னு ஒண்ணு வச்சுருக்கீங்க, அரிசிக்குப் பதிலா மூணு கிலோ சர்க்கரை கூடுதலா வாங்கிக்கலாம். இத மொதமொதல்ல யாரு யோசிச்சாங்கன்னு தெரியல, அவங்க கிட்ட ஒரு தடவ பேசணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. அரிசிக்குப் பதிலா கொஞ்சம் கோதுமையும் வாங்கிக்கலாம். 2023ல நீலகிரியிலயும் தருமபுரியிலயும் கார்டுக்கு ரெண்டு கிலோ கேழ்வரகு, அதுக்குப் பதிலா அரிசியில கழிச்சுக்கிறதுன்னு ஆரம்பிச்சீங்க, அது நல்ல வேலை, மனசாரச் சொல்றேன். கேழ்வரகு குடுக்க முடியுதுன்னா, அரிசியக் கழிச்சுக்கிட்டு இன்னொண்ணு குடுக்குற கணக்கு உங்க மெஷினுக்குத் தெரியும்னுதான அர்த்தம்?

சரி, நான் கேக்குறது இதுதான். அரிசிய விட்டுக்குடுக்க விருப்பம் இருக்க கார்டுதாரர், விருப்பம் இருந்தா மட்டும், அஞ்சு கிலோவோ எட்டு கிலோவோ விட்டுக்குடுக்கட்டும். விட்டுக்குடுத்த அரிசிக்கு உங்களுக்கு ஆகுற செலவு என்னவோ அதே மதிப்புக்கு ஒரு கூப்பன் குடுங்க. அந்தக் கூப்பன்ல முட்டை, பயறு, கடலை, காய்கறி, கீரை, பழம், கேழ்வரகு கம்பு, இதுக்கு மட்டும் செல்லும்னு வச்சுருங்க. பிஸ்கட்டு, சேமியா, கூல்டிரிங்க்ஸ்க்கு செல்லாது. எங்க செல்லும்னா, உழவர் சந்தையில செல்லட்டும். 1999ல முத உழவர் சந்தையே எங்க மதுரையில அண்ணாநகர்ல தான் திறந்தாங்க, இன்னைக்கும் காலையில போனா கீரைக்கட்டு பனியோட இருக்கும். சந்தை இல்லாத ஊர்ல கூட்டுறவு பண்டகசாலை, இல்ல மகளிர் குழு நடத்துற கடை. முட்டைக்கு நாம வெளிநாட்டுக்கா போகணும், நாமக்கல் எங்க இருக்கு?

கூப்பன் கள்ளத்தனமா போயிரும், அடிச்சு வித்துருவாங்கன்னு சொல்வீங்க. கொஞ்சம் போகும். இப்ப அரிசி போகலையா? பொங்கலுக்கு வீடு வீடா வந்து இன்ன தேதி, இன்ன நேரம்னு டோக்கன் குடுக்குறீங்க, 2021ல கொரோனா நேரத்துல ரெண்டு தவணையா நாலாயிரம் ரூபாய அதே டோக்கன வச்சு கோடிக்கணக்கான கார்டுக்கு குடுத்து முடிச்சீங்க, அதுல எங்க தெருவுல ஒருத்தருக்கும் விட்டுப்போகல. டோக்கன் அடிக்கிறதுல நம்ம ஊர மிஞ்ச ஆளு கிடையாது (ஆர்.கே.நகர் இடைத்தேர்தல்ல ஓட்டுக்குக் குடுத்ததா பேச்சு அடிபட்ட இருவது ரூபா நோட்டு டோக்கன் உங்களுக்கு ஞாபகம் வந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல).

ஒரு பயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன், ஏன்னா இத நான் எழுதுறேன்னு சொன்னதும் எங்க குழுவுல ஒரு அக்கா சண்டைக்கே வந்துருச்சு. "நீ கூப்பன் கேளு, அவங்க கூப்பனக் குடுத்துட்டு கடைய இழுத்து மூடிட்டுப் போயிருவாங்க, அப்பறம் கூப்பனும் நின்னு போகும்"னு சொல்லுச்சு. அது சொல்றதுல தப்பே இல்ல. பக்கத்துல பாண்டிச்சேரியில 2015ல அரிசிய நிப்பாட்டிட்டு பேங்க்ல பணமா போடுறோம்னு போனாங்க. பணம் வீட்டுக்கு வந்தா பணமா இருக்காது, கரெண்டு பில்லா இருக்கும், வட்டியா இருக்கும், பல வீட்டுல டாஸ்மாக்கா இருக்கும் (அங்க சாராயக்கடை). அதோட ஜனங்க கேட்டுக் கேட்டு, கடைசியா 2024 தீபாவளி சமயத்துல திரும்பவும் ரேஷன் கடையத் தொறந்து அரிசி குடுக்க ஆரம்பிச்சாங்க. அதனால தெளிவா சொல்றேன், கடை இருக்கணும். அரிசி யாருக்கு வேணுமோ அவங்களுக்கு முழுசா இருக்கணும். கூப்பன் எடுத்துட்டு ரெண்டு மாசம் பாத்துட்டு "எனக்கு அரிசியே குடுங்கப்பா"ன்னு திரும்பி வந்தா அடுத்த மாசமே குடுக்கணும். வேலை போயிருச்சு, ஆளு படுத்துருச்சுன்னா அரிசி இருக்க பானைதான் தைரியம். வெலவாசி ஏறுறப்ப கூப்பன் மதிப்பும் ஏறணும், பத்து வருஷத்துக்கு முன்னாடி போட்ட தொகையே ஓடிக்கிட்டு இருக்கக்கூடாது.

இதுவரைக்கும் எழுதுனது பாதிதான். கூப்பன மட்டும் கையில குடுத்தா எங்க தெருவுல பாதிப்பேரு உருளைக்கிழங்கும் வாழக்காயும் வாங்கிட்டு வந்துருவோம், நான் உள்பட. எது எதுக்குன்னு சொல்லிக்குடுக்க ஆளு வேணும்.

எங்க அம்மா 1981ல கொட்டாம்பட்டி பக்கம் ஊட்டச்சத்துப் பணியாளரா சேந்தாங்க. இப்ப இருக்க பிள்ளைங்களுக்குத் தெரியாது, 1980ல உலக வங்கி கடனோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்னு ஒண்ணு நம்ம மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்துல தான் மொதல்ல ஆரம்பிச்சாங்க. ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் இருக்க பிள்ளைங்கள மாசாமாசம் தராசுல தூக்கி எடை போடுறது, அட்டையில புள்ளி வைக்கிறது. கோடு மேல போனா சரி. போகலைன்னா அந்தப் பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாளைக்கு சத்து உருண்டை. எல்லாப் பிள்ளைக்கும் கிடையாது, எடை ஏறாத பிள்ளைக்குத்தான், ஏறிருச்சுன்னா நிப்பாட்டிருவாங்க. ஊர்ல எம்புட்டு சண்டை வந்துருக்கும்னு யோசிச்சுக்கங்க, "அவ பிள்ளைக்கு மட்டும் லட்டா"ன்னு.

ஆனா அம்மா சொல்றது லட்டப் பத்தி இல்ல. எடை ஏறலைன்னா அவங்க அந்த வீட்டுக்கே போவாங்களாம், போயி அடுப்படியில உக்காருவாங்களாம். என்ன சமைச்ச, யாரு மொதல்ல சாப்பிட்டா, பிள்ளைக்கு எப்ப குடுத்த, அந்தக் கிண்ணத்தக் காட்டுன்னு கேப்பாங்களாம். ஒரு வீட்டுல பிள்ளைக்கு ரசஞ்சோறு மட்டும் குடுத்துக்கிட்டு இருந்துருக்காங்க, பருப்பு குடுத்தா மாந்தம் வரும்னு பாட்டி சொல்லிருக்கு. அம்மா அந்தப் பாட்டிய எதுத்துப் பேசல, மறுநாள் ரெண்டு ஸ்பூன் பாசிப்பருப்ப வேகவச்சு மசிச்சு பாட்டி கையாலயே ஊட்ட வச்சுருக்காங்க, ஒண்ணும் ஆகல, அப்பறம் பாட்டியே தெருவுக்கெல்லாம் சொல்லிருச்சாம். இதுக்குப் பேருதான் ஊட்டச்சத்துக் கல்வின்னு எனக்குத் தோணுது. சுவத்துல காய்கறிப் படம் வரஞ்சு வைக்கிறதெல்லாம் பெயிண்டருக்கு வேலை, அவ்ளோதான்.

இப்ப இருக்க அங்கன்வாடி டீச்சருக்கும் கிராம சுகாதார நர்சுக்கும் இதெல்லாம் தெரியாம இல்ல, நேரம் எங்க இருக்கு அவங்களுக்கு. பாதி நாளு போன் ஆப்ல (app) பதிவேத்துறதுலயே போயிருது, ஆதார் ஏறல, போட்டோ ஏறல, நெட்டு இல்லன்னு. சமுதாய வளைகாப்புக்கு என் தங்கச்சி கூட போயிருந்தேன், நல்லாத்தான் பண்ணுனாங்க, வளையல், பூ, சந்தனம், மாசமா இருக்கப்ப சத்தா சாப்பிடணும்னு ஒரு மேடம் பத்து நிமிஷம் பேசுனாங்க, பேசி முடிச்சதும் எலை போட்டாங்க பாருங்க, எலுமிச்சஞ்சாதம், புளியோதரை, தேங்காச்சாதம், தயிர்சாதம், சக்கரைப்பொங்கல். அஞ்சு வகை, அஞ்சும் அரிசி! சம்பிரதாயம் அது, நான் கொறை சொல்லல, ஓரத்துல ஒரு அவிச்ச முட்டையும் ஒரு கை சுண்டலும் வச்சா சம்பிரதாயம் கெட்டா போயிரும்?

என் தங்கச்சிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல ஊட்டச்சத்துப் பெட்டகமும் வந்துச்சு, சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய்யி, இரும்புச்சத்து டானிக்குன்னு. நல்ல பொருளு. பேரீச்சம்பழத்த அவ மாமனாரு தின்னுட்டாரு, நெய்ய மூத்த பிள்ளைக்கு ஊத்திட்டா, இரும்பு மாத்திரையும் டானிக்கும் காலையில காப்பியோட போட்டுக்கிட்டு இருந்தா. ஏழாம் மாசத்துல ரத்தம் ஏறவே இல்லையேன்னு பாத்தா, டீ காப்பியோட சேத்து எடுத்தா இரும்புச்சத்து ஒடம்புல ஒட்டாதுன்னு அவளுக்கு யாரும் சொல்லல. எனக்கும் அப்பத்தான் தெரியும். அம்மாதான் சத்தம் போட்டாங்க. டீயும் மாத்திரையும் ஒரு மணி நேரமாச்சும் தள்ளித் தள்ளி இருக்கணும், மாத்திரைக்கு எலுமிச்ச ஜூஸோ நெல்லிக்காயோ கூட இருந்தா நல்லா ஏறும். இந்த ஒரு வரிக்கு காசு செலவே கிடையாது சார். ரேஷன் பில்லு போட்டதும் எங்க போனுக்கு மெசேஜ் வருதே, அதுல கூட போட்டு விடலாம்.

செறிவூட்டுன அரிசி கதை அதவிட மோசம். நூறு அரிசிக்கு ஒரு அரிசி கணக்குல இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 சேத்த அரிசியக் கலந்து குடுத்தீங்க. எங்க தெருவுல அதுக்குப் பேரு பிளாஸ்டிக் அரிசி. தண்ணியில போட்டா மெதக்குது, நெறம் வேறயா இருக்குன்னு எங்க மாமியா கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒண்ணொண்ணா பொறுக்கி வெளிய போட்டுச்சு. ரத்தம் கம்மின்னு சொன்ன அதே மாமியா. யாருக்கு ரத்தம் ஊறணும்னு எம்புட்டோ கோடி செலவு பண்ணி அனுப்புனீங்களோ அவங்களே பொறுக்கிப் போட்டாங்க. கடையில ஒரு போஸ்டர் ஒட்டிருந்துச்சு, உள்ள, சாக்கு மூட்டைக்குப் பின்னாடி.

முட்டை ஒண்ணு தட்டுல ஏற இந்த மாநிலத்துக்கு எம்புட்டு வருஷம் ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். 1982ல எம்ஜிஆர் சத்துணவு கொண்டு வந்தாரு, 1989ல கலைஞர் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சாரு, 2010ல வாரத்துக்கு அஞ்சாச்சு. 2022ல காலைச் சாப்பாடும் வந்துருச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அரசாங்கம் முட்டை குடுக்குது, அந்தப் பிள்ளையப் பெத்தவளுக்கு அரிசி மட்டும் குடுக்குது. எங்க வீட்டுல பதினோரு முட்டையும் எப்டிப் போகும்னு நினைக்கிறீங்க? வீட்டுக்காரர் வேலைக்குப் போறவரு, அவருக்கு ரெண்டு. பிள்ளைங்களுக்கு லீவு நாள்ல. மாமியாளுக்கு ஒண்ணு. நான் ஆம்லெட் சட்டிய சோத்தப் போட்டுப் பெரட்டிச் சாப்பிடுவேன். பாவம்னு நினைக்காதீங்க, அது ருசியாத்தான் இருக்கும், ஆனா புரோட்டீன் இருக்காதுல்ல.

அமெரிக்காவுல விக் (WIC)னு ஒரு திட்டம் 1970கள்ல இருந்து ஓடுது, வருமானம் கம்மியா இருக்க வீட்டுல மாசமா இருக்கவங்க, புதுசா பிள்ளை பெத்தவங்க, பால் குடுக்குறவங்க, அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைங்க, இவங்களுக்கு மட்டும். முட்டை, பால், பயறுன்னு லிஸ்ட்டு போட்டு கார்டு குடுக்குறாங்க, காய்கறி பழத்துக்குன்னு தனியா ஒரு தொகை. சாதாரணக் கடையிலயே வாங்கிக்கலாம். கார்டு குடுக்குற எடத்துலயே சாப்பாட்டப் பத்திப் பேச ஒரு ஆளும் இருக்காங்க. காசும் பேச்சும் ஒரே மேசையில. அவங்க ஊரு வேற, நம்ம ஊரு வேற, அந்த மேசை மட்டும் எனக்குப் பிடிச்சுருக்கு. நம்ம ஊர்ல கூப்பன் மூணு மாசத்துக்கு ஒரு தடவ அங்கன்வாடியில வச்சுத்தான் புதுப்பிக்கணும்னு போடுங்க. போனா எடை பாக்கட்டும், விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாக்கட்டும், எங்கம்மா மாதிரி ஒரு பொம்பளை உக்காந்து நேத்து என்ன சமைச்சன்னு கேக்கட்டும். திட்டக் கூடாது, முக்கியம். அதுக்குன்னு தனியா ஒரு ஆளப் போடுங்க, அங்கன்வாடி டீச்சர் தலையில பதினெட்டாவது வேலையா கட்டாதீங்க.

சின்னச் சின்னதா சிலது இருக்கு. கூப்பன் வீட்டுப் பொம்பளை கையில வரட்டும், மகளிர் உரிமைத்தொகை அப்டித்தான வருது. கைரேகை விழலைன்னா திருப்பி அனுப்பாதீங்க, பாத்திரம் கழுவுறவளுக்கும் கொத்து வேலைக்குப் போறவளுக்கும் ரேகை எங்க இருக்கும். அப்பறம் எந்தக் கடைன்னு சொல்லமாட்டேன், பருப்பு வேணும்னா ரெண்டு சோப்பும் ஒரு டீத்தூள் பாக்கெட்டும் வாங்குன்னு கட்டாயப்படுத்துற பழக்கம் இன்னும் இருக்கு, கூப்பனுக்கும் அது வந்துரக் கூடாது. முப்பது ரூபா துவரம்பருப்பு ஒரு கிலோ அஞ்சு பேருக்கு பத்து நாளைக்கு வரும், மிச்ச இருவது நாளைக்கு சாம்பாரு தண்ணியாத்தான் ஓடும். கூப்பனே குடுக்க முடியாதுன்னு நிதித்துறை சொல்லிட்டா, அரிசிய ரெண்டு கிலோ கொறச்சுக்கிட்டு அந்தப் பருப்ப ரெண்டு கிலோவா ஆக்குங்க, அதுக்காவது ஒரு ஜீஓ (அரசாணை) போடுங்க.

மொதல்ல ஒரே ஒரு ஒன்றியத்துல பாருங்க. கொட்டாம்பட்டியிலயே பாருங்களேன், நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அங்கதான ஆரம்பிச்சீங்க. எங்க அம்மாவுக்கு இப்ப எழுவத்தி ரெண்டு வயசு, முட்டி வலிதான், வாய் நல்லாத்தான் இருக்கு, கூப்பிட்டா வருவாங்க.

இந்த மாசத்துக்கு பருப்பும் பாமாயிலும் வந்துருச்சுன்னு பக்கத்து வீட்டு அக்கா குரல் குடுக்குது, போயி வரிசையில நிக்கணும், லேட்டா போனா நாளைக்கு வான்னுருவாங்க. பதில் போடுறதுன்னா இந்த மாசக் கடைசிக்குள்ள போடுங்க சார், அடுத்த மாசம் அரிசி வாங்குன மறுநாளே வண்டி வந்துரும்.

இப்படிக்கு,
மதுரையில இருந்து ஒரு 20 கிலோ அரிசிக் கார்டு